ஐந்தாவது பெயர்

வாய்க்கால் தகராறில் என்னை அடித்தவர்கள் அண்ணன் தம்பிகள் நான்கு பேர். வன்னியம்பட்டியே பார்த்தது. ஆனால் புகாரில் நான் ஐந்து பெயர் எழுதினேன்.

ஐந்தாவது, அவர்களுடைய கடைசித் தம்பி முருகன். அந்த நேரத்தில் அவன் போலீஸ் தேர்வுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தான். அது எனக்குத் தெரியும்.

“அவன் பேரையும் சேத்துரு மாப்ள. வேலை கெட்டுருமேன்னு சமாதானத்துக்கு ஓடி வருவானுவ” என்றார் என் மச்சான்.

அப்படியே வந்தார்கள். சமாதானமாகி நான் சாட்சியை மாற்றிச் சொன்னதில், கோர்ட்டில் எல்லோருக்கும் விடுதலை. நான் மறந்தும் போனேன்.

மூன்றாம் வருடம் முருகன் தேர்வில் ஜெயித்தான். விசாரணையில் பழைய வழக்கு தெரியவந்து, விடுதலையாகியிருந்தாலும் வேலை இல்லை என்றுவிட்டார்கள். என்னைத் தேடி வந்தான்.

“நான் அன்னைக்கு அங்க இல்லன்னு எழுதிக் குடுங்க அண்ணாச்சி.”

உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டுக் கேட்டான்: “அன்னைக்கு எம்பேர எழுத எம்புட்டு நேரம் ஆச்சு?”

என் கடிதம் எடுபடவில்லை.

இப்போது அவன் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் வாட்ச்மேன். பருத்தி மூட்டைகளோடு நான் போகும்போதெல்லாம் நோட்டைத் திறந்து, “பேரு?” என்பான். தெரியாமல் கேட்கவில்லை. நானும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். பிறகு வண்டிக்குள் எட்டிப் பார்த்து, வந்தவர்களின் பெயரை மட்டும் எழுதிக்கொள்வான்.