சித்தி கிளினிக் போன செய்தி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், காய்ச்சல் வந்தால் டிஸ்பென்சரிக்குப் போவோம். காலை உடைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிக்கு. கிளினிக் என்ற சொல்லை மட்டும் எல்லாவற்றுக்கும் சொல்ல மாட்டார்கள். அது வயிற்றில் பிள்ளை இருப்பவள் போகிற இடம். பெரியவர்களுக்கு இது தெரியும். எட்டு வயதான எனக்கு அது பஸ்ஸில் போகிற இடம், அவ்வளவுதான்.

அம்மாவின் தங்கை எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்தாள். ஒருநாள் எனக்குப் பள்ளிக்குப் போட்டுப்போகச் சப்பாத்து வாங்கப் போவதாக லயத்தில் சொல்லிவிட்டு, என்னைப் பொகவந்தலாவை டவுனுக்குக் கூட்டிப்போனாள். சப்பாத்து வாங்கியதும் உண்மைதான். அதற்கு முன்னால் கிளினிக் வாங்குப் பலகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அங்கே ஒருவரும் இருமவில்லை, முனகவில்லை. நோயில்லாதவர்களுக்கு எதற்கு மாத்திரை கொடுக்கிறார்கள் என்று எனக்கு ஒரே யோசனை.

மறுநாள் பள்ளி விட்டு வரும்போது கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். மேல் மலையிலிருந்து கூடையோடு இறங்கி வந்த சித்தியிடம், நேற்று ஏன் வேலைக்கு வரவில்லை என்று, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கேட்டார். சித்தி கூடையை இறக்குவதுபோல் குனிந்தாள். அவளுக்கு உதவுகிறேன் என்று நான் முந்திக்கொண்டேன்.

“சித்தி கிளினிக் போனாங்க.”

நிறுக்க நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டாக்கு குரலைத் தணித்துக்கொண்டார்.

“சொல்லியிருக்கலாமேம்மா. நாளையிலருந்து மேல ஏற வேணாம். தேயிலைக் கன்னுக்குத் தண்ணி ஊத்த, கீழ தவறணைக்குப் போங்க.”

நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். சித்தியோ வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம், “வெளிய சொன்னா தங்காதுக்கா. ரெண்டு தடவையும் சொன்னோம், தங்கல” என்றாள்.

அம்மா அடுப்பைவிட்டு எழுந்திருக்கவில்லை. “ரெண்டு தடவையும் மேல் மலையில கூடை சுமந்த. அதை நெனைச்சுப் பாத்தியா?”

சித்தி தன் காம்பராவுக்கு எழுந்து போனாள். என்னோடு பல நாள் பேசவில்லை. ஆனால் தவறணைக்குப் போனாள். கிளினிக்குக்கும், யாரிடமும் ஒளிக்காமல், மாதந்தோறும் போனாள். மழைக்காலத்தில் தம்பி பிறந்தான். அவனை முதலில் என் மடியில்தான் வைத்தாள்.

எது தங்கவில்லை என்று அன்று நான் கேட்கவில்லை. தம்பிதான் சித்தியின் தலைப்பிள்ளை என்று வெகுகாலம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் இருக்கும்போதும் சொல்லியிருக்கிறேன். அவள் ஒருபோதும் ஆமாம் என்றதில்லை.