அவர் சொல்லாத நன்றி

இன்று மானிப்பாயில் அச்சுக்கடைக்குப் போனேன். இறந்துபோன என் கணவரின் முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைப் பிழை பார்க்க.

கடைக்காரத் தம்பி தன் போனை நீட்டினார். "அக்கா, இதைப் பாருங்கோ. ஏஐயிலை செய்தனான்."

போனில் என் கணவர் சிரித்துக்கொண்டு, செத்தவீட்டுக்கு வந்த எல்லோருக்கும் நன்றி சொன்னார். குரலும் அவருடையதேதான். புத்தகப் படத்துக்காக நான் கொடுத்த எங்கள் மகளின் கலியாண வீடியோவிலிருந்து எடுத்தாராம்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னொரு முறை கேட்க ஆசையாகவும் இருந்தது.

"தம்பி, ஆரைக் கேட்டுச் செய்தனீர்? முப்பது வருசம் என்ரை சமையலுக்கே நன்றி சொல்லாத மனுசன். அவர் சொல்லாததை அவர் சொன்னமாதிரிக் காட்டாதையும்."

"எல்லாரும் விரும்பிக் கேக்கினம், அக்கா."

"கேட்ட ஆக்களுக்குச் செய்யும். நான் கேக்கேல்லையே."

தம்பி அதை அழித்தார். பிறகு ஒரு தாளில் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார்: 'வீட்டாரின் சம்மதம் இல்லாமல் இறந்தவரின் முகத்தையும் குரலையும் ஏஐயில் செய்யமாட்டோம். சம்மதத்தோடு செய்தால், ஏஐயில் செய்தது என்று கீழே போடுவோம்.'

மனம் ஆறியது. நாட்டுக்குச் சட்டம் எப்போது வருமோ தெரியாது. ஒரு கடைக்கு வந்துவிட்டது.

தம்பிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் எனக்குத்தான்.

உங்கள் ஊர்க் கடைகளிலும் இப்படி ஒரு தாள் ஒட்டச் சொல்லுங்கோவன்.