கட்டையை மட்டும் எடுத்துவிடு

கம்பம் டவுனில் ஒரு பிளக்ஸ் போர்டு கடையில் டிசைன் வேலை பார்க்கிறேன். கல்யாணமோ காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, எதுவானாலும் முப்பது நாற்பது பேரை வெட்டி எடுத்து ஒரே போர்டில் நிறுத்த வேண்டும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பின்னால் நிற்கிற ஆட்டோவை எடு, அத்தை முகத்து மருவை எடு, சண்டை போட்ட சித்தப்பாவை எடு. எடுப்பேன், ஆனால் அழிக்க மாட்டேன். அழித்தால் போனது போனதுதான். கம்ப்யூட்டரில் படத்துக்கு மாஸ்க் என்று ஒரு மறைப்பைப் போட்டுக் கறுப்பு பிரஷால் தடவினால் ஆள் மறைந்துபோவார். அதே இடத்தில் வெள்ளையைத் தடவினால் திரும்பி வந்துவிடுவார். சித்தப்பாக்கள் எப்படியும் கல்யாணத்துக்கு முதல் நாள் சமாதானமாகிவிடுவார்கள் என்பது அனுபவத்தில் தெரிந்துகொண்டது.

இந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. ஆத்திரத்தில் வந்தேன்.

எனக்கு வலது கால் பிறவியிலேயே குட்டை. அக்குளில் ஊன்றுகட்டை இல்லாமல் நிற்க முடியாது. நான் பத்தாவது படிக்கும்போது, அம்மாவின் அண்ணன், என் மாமா, காமயகவுண்டன்பட்டியில் வீடு கட்டிக் குடிபோனார். திராட்சைத் தோட்டத்துக்கு முன்னால் குடும்பமாக நின்று எடுத்த போட்டோவைப் போர்டாக்கி பஸ் ஸ்டாப்பில் கட்டியிருந்தார்கள். குடிபோன அன்று டவுன் பஸ்ஸைவிட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். என் கட்டையைக் காணோம். கட்டையை அழித்த புண்ணியவான் என்னை அப்படியே விட்டுவிட்டான். அத்தனை பெரிய போர்டில் நான் வலப்பக்கமாகச் சாய்ந்து, காற்றில் அக்குளை ஊன்றி நின்றுகொண்டிருந்தேன். தரையில் கட்டையின் நிழல் மட்டும் நீளமாகக் கிடந்தது. அதை அழிக்க மறந்துவிட்டான்.

என்னோடு இறங்கிய ஒரு அக்கா, பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள். "ஏண்டி, இந்தப் பிள்ள விழுகப் போகுதா?"

கட்டையை ஊன்றிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால்தான் நின்றேன். உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மாமா வீட்டுக்குள் போய் அம்மாவிடம் கத்தினேன். அம்மா மாவிளக்குத் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "விடு, கட்ட இல்லாமப் பாக்க நல்லாத்தான இருக்கு" என்றாள். மாமா செய்த வேலை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பத்து வருடம் அவர் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொன்னேன்.

போன ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம். பெண் ஜெயமங்கலத்துப் பெண். போர்டு வேலை என் கடைக்குத்தான் வந்தது. குடும்பப் படத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு அடுக்காக, ஆளுக்கொரு லேயரில் வைத்துவிட்டேன். அம்மாவின் பூச்சரத்தையும் மாமாவின் மீசையையும் ஒரு மயிர் விடாமல் வெட்டி எடுத்தேன். அன்று மத்தியானம் மாமா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லாம் நல்லாருக்கு ஆத்தா. அந்தக் கட்டைய மட்டும் எடுத்துரு."

"எதுக்கு மாமா?"

"பொண்ணு வீட்டாளுக பாப்பாக. சனம் கூடுற எடம்."

"அவுகளுக்கு என்னையத் தெரியும். பொண்ணு பாக்க நானும்தான வந்தேன்."

"தெரிஞ்சா என்ன. போர்டுல வேணாம்."

சண்டை போடவில்லை. செய்து காட்டினேன். கட்டையைத் தேர்ந்தெடுத்து மாஸ்க்கில் கறுப்பைத் தடவினேன். பழைய போர்டைப் போலவே காற்றில் சாய்ந்து நின்றேன்.

"சாஞ்சாப்புல இருக்கே" என்றார். "நேரா நிறுத்து."

என் லேயரைத் திருப்பி நேராக நிறுத்தினேன். வலது கால் தரைக்கு மேலே தொங்கிற்று.

"அந்தக் கால லேசா நீட்டிவிடேன்."

"டாக்டரே நீட்ட முடியாத கால நான் மவுஸ வச்சு நீட்டவா? என்ன மாமா சொல்றீக."

"அப்ப இடுப்போட வெட்டிரு."

"எல்லாரையும் வெட்டணும். ஒங்க பட்டு வேட்டி தெரியாது, பரவாயில்லையா?"

வேட்டியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன்மையாகவே சொன்னார். "அப்ப நீ இதுல வேணாம்மா."

வலித்தது. தம்பி கல்யாணப் போர்டில் அக்கா வேண்டாமாம், அதையும் அக்காவே செய்ய வேண்டுமாம். என் லேயர் முழுவதையும் மறைத்தேன். நான் இருந்த இடத்தில் பின்னணியில் வைத்திருந்த அருவி கொட்டியது. அம்மாவின் கை மட்டும் அந்தரத்தில் நின்றது. படம் எடுக்கும்போது என் தோளில் போட்டிருந்த கை.

"அந்தக் கையையும் எடுத்துரு."

"அது அம்மா கை. அவுகளக் கேட்டு எடுக்கறேன்." போனை ஸ்பீக்கரில் போட்டேன். பழைய பதிலையே அம்மா சொல்லிவிட்டால் இந்தப் படத்தில் எனக்கு இடமில்லை என்று தெரிந்துதான் போட்டேன்.

மாமா விஷயத்தைச் சொன்னார். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அவளையும் எடுக்க வேணாம், கட்டையையும் எடுக்க வேணாம்ணே. இருக்கட்டும்."

மாமாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏத்தா, எங்க வீட்டுப் போர்டுல கட்டைய எடுக்கச் சொன்னதே நீதான? இப்ப நாஞ் சொன்னாக் குத்தமா?"

"ஆமா, நாந்தேன் சொன்னேன். அவ அங்கன காத்துல சாஞ்சு நின்னதப் பாத்த பெறகு ஒரு போர்டையும் என்னால நிமிந்து பாக்க முடியலண்ணே. ஒரு தடவ செஞ்சது போதும்."

போனை வைத்துவிட்டாள். பத்து வருடமாக மாமாவிடம் காட்டிய கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர் முன்னால் அழுவதாவது. லேயரைப் பழையபடி சாய்த்துவிட்டு வெள்ளை பிரஷை எடுத்தேன். முதலில் தோள் வந்தது, அம்மாவின் கை அதில் போய் உட்கார்ந்தது. பிறகு முகம், கால், கடைசியில் கட்டை.

"என்னமோ பண்ணித் தொலைங்க" என்று மாமா எழுந்து போனார்.

அம்மாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவளிடமே சொல்லிவிட்டேன், "சரி" என்றாள்.

வெட்டி ஒட்டிய ஆட்களுக்கு நிழல் இருக்காது. தரையில் நிற்கிற மாதிரி தெரிய வேண்டுமானால் நாமேதான் ஒவ்வொருவருக்கும் வரைய வேண்டும். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை, பெண், மாமா, அம்மா எல்லாருக்கும் வரைந்தேன். ஆனால் முதல் நிழலைக் கட்டைக்குத்தான் போட்டேன்.