ஆஹெனில் ஆறு கையெழுத்து

2009 கோடை, ஒரு சனிக்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு ஜெர்மனியின் வால்டோர்ஃப் ரயில் நிலையத்தில் நானும் டேனியலும் முப்பத்தேழு யூரோ கொடுத்து வார இறுதிச் சீட்டு எடுத்தோம். ஐந்து பேர்வரை போகலாம், ஆனால் சாதாரண வண்டிகளில் மட்டும். அதனால் ஆஹென் போய்ச் சேருவதற்குள் முதுகு கழன்றுவிட்டது.

டேனியல் என் அலுவலக நண்பர், அமெரிக்கர். அங்கே மூன்றாவது கட்சிக்கு ஓட்டுப் போடுகிற அபூர்வ ஆசாமி. அவருடைய மாநிலத்தில் சின்னக் கட்சியின் பெயர் வாக்குச்சீட்டில் ஏறவே மலையளவு கையெழுத்து கேட்பார்களாம். போன தேர்தலிலும் ஏறவில்லை.

"ஏறினாலும் ஓட்டைப் பிரிக்க வந்தவன் என்று திட்டுவார்கள். முதலில் வருபவருக்கே எல்லாம்" என்றார்.

"எங்கள் ஊரிலும் அதே திட்டுதான். ஆனால் சின்னக் கட்சி பெரிய கட்சியின் வாசலில் காத்துக் கிடந்து இரண்டு சீட்டாவது வாங்கிவிடும்."

"அந்த வாசல்கூட எங்களுக்கு இல்லையே!" என்றார். பாவமாக இருந்தது.

ஆஹென் நகரசபையில், வாங்கிய ஓட்டுக்கு ஏற்பச் சின்னக் குழுவுக்கும் இடம் உண்டு. அதைக் கண்ணால் பார்க்கத்தான் டேனியல் கிளம்பினார். பொங்கல் விழாவில் எனக்குப் பழக்கமான வாசுகி அங்கே வேட்பாளர். யாழ்ப்பாணத்துப் பெண், ஆறு வயதில் ஜெர்மனிக்கு வந்தவர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடிந்து வீடு திரும்பப் பேருந்து இல்லாத மேட்டுத் தெருக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய குழு அவருடையது. புதுக் குழு என்பதால், வாக்குச்சீட்டில் பெயர் ஏற அந்தப் பகுதி வாக்காளர்கள் சிலரின் கையெழுத்து வேண்டும்.

பதினொன்றரைக்கு அந்தப் பகுதியின் சந்தைக்குப் போனால், மடிப்பு மேசைக்குப் பின்னால் வாசுகி அழாக்குறையாக நிற்கிறார்.

"என்னம்மா ஆச்சு?"

"கோயில்ல எல்லாரும் ஆசையாக் கையெழுத்துப் போட்டவை அண்ணை. பாதிப் பேரிட்டை ஜெர்மன் பாஸ்போட் இல்லை. செல்லாது எண்டு தள்ளிப்போட்டாங்கள். இன்னும் ஆறு வேணும். திங்கள் பின்னேரத்துக்குள்ள குடுக்காட்டி என்ர பேர் வராது."

அடக் கடவுளே! வாக்குரிமை இருக்கிறதா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் ஆட்கள் அப்படித்தான், நம்ம பிள்ளை நிற்கிறாள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார்கள்.

என்னாலும் டேனியலாலும் போட முடியாது; எங்களுக்கு அங்கே ஓட்டு இல்லை. கையெழுத்துப் படிவம் செருகிய அட்டையைப் பிடித்துக்கொண்டு வருவோர் போவோரைப் பார்த்துப் பல்லைக் காட்டினோம். காய்கறிப் பைகளோடு விலகிப் போனார்கள். ஒன்றரை மணிவரை இரண்டுதான் தேறியது. கடைகளைக் கட்டத் தொடங்கினார்கள்.

எதிரே பெரிய கட்சி ஒன்றின் குடை. அதன்கீழ் காலையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைத் தாடிக்காரர் எழுந்து வந்தார். வம்புக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஜெர்மனில் ஏதோ சொல்ல, வாசுகி வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன சொல்றார்?"

"தன்ர ஓட்டு எனக்கில்லையாம் அண்ணை. ஆனா சனம் வேண்டாம் எண்டு சொல்றதெண்டாலும் பேர் இருந்தால்தானே சொல்ல ஏலும் எண்டுறார்."

அதோடு விட்டாரா மனுஷன்? தன் மேசைக்கு வந்தவர்களையும் இங்கே திருப்பிவிட்டார். சந்தை காலியாவதற்குள் மிச்சக் கையெழுத்தும் வந்துவிட்டது. வாசுகி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

நாலு மணிக்கு வண்டி ஏறினோம். எங்கள் ஊரில் எதிர்க்கட்சிக்காரன் சுவரொட்டியைக் கிழிக்காமல் விட்டாலே பெரிய மனசு. அதைச் சொன்னேன். "எங்கள் ஊரில் அந்தத் தாடிக்காரர் மாதிரி ஒருவரை நான் பார்த்ததில்லை" என்றார் டேனியல்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் இருந்தபோது வாசுகியின் போன்.

"எல்லாம் சரியாம் அண்ணை! ஓட்டுச் சீட்டில கடைசிப் பேர் என்ரதுதான். எண்டாலும் வருது!"

டேனியலிடம் ஓடிப்போய் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பி, "இன்னொரு தடவை சொல்" என்றார்.