அப்பா பெயர் எழுதிய கப்பல்

பேத்தி நோட்டுத்தாளில் கப்பல் செய்து, வாசலில் தேங்கிய மழைநீரில் மிதக்கவிட்டு, "தாத்தா, இதுக்கு ஒரு பேரு சொல்லுங்க" என்றாள். நனைந்த தாளின் மணம் என்னைச் சங்கரன்கோவில் தெருவுக்கே இழுத்துப் போய்விட்டது.

அப்பா துபாய்க்குக் கப்பலேறியிருந்தார். போய்ச் சேர்ந்த தகவல் இல்லை. அம்மா தினமும் கோமதியம்மனுக்கு விளக்கேற்றிக் காத்திருந்தாள். மழை பெய்த ஒருநாள் நான் காகிதக் கப்பலில் 'சண்முகையா' என்று அப்பா பெயரை எழுதி தெருவோரம் மழைநீர் ஓடிய வாறுகாலில் விட்டேன். அது சுழலில் சாய்ந்தது.

"யாத்தே, சண்முகையா!" என்று அலறிக்கொண்டு அம்மா தண்ணீரில் இறங்கினாள். அந்தப் பெயரை அவள் வாயால் நான் அதுவரை கேட்டதேயில்லை.

"ஏட்டி, புருசன் பேரையா சொல்லிக் கூப்பிடுத?" என்று எதிர்வீட்டு அத்தை சிரித்தாள்.

அம்மா அந்தக் கப்பலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "வேற கப்பல் செஞ்சு கோமதியம்மன்னு எழுதுலே. அவ முங்குனாலும் தானா எந்திச்சு வந்துருவா" என்றாள்.