லேயாவின் அப்பாவுக்கு இருபத்து நான்கு கற்கள்

சாந்தோமிலிருந்து ராயப்பேட்டைக்கு மூன்று கிலோமீட்டர். இதற்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். 1996 தை மாதம் அந்த மூன்று கிலோமீட்டர் போய் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் பகீரென்கிறது.

லேயா என் பள்ளித்தோழி, யூதப் பெண். தி.நகரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா இறந்தார். ராயப்பேட்டைப் பக்கம் சிறிய யூதக் கல்லறை நிலத்தில் அவரை அடக்கம் செய்துவிட்டு, அம்மாவும் மகளும் இஸ்ரேலுக்குப் போனார்கள். பிறகு எங்களுக்குள் கடிதம் மட்டும்தான். இருபத்து நான்கு வருடம் கழித்து வந்து அடையாறில் தங்கினாள். முந்தின வருடம் கணவர் இறந்திருந்தார். அதிலிருந்து ஜெபமே செய்யவில்லையாம்.

"கடவுள் சில காலம் முகத்தை மறைச்சுக்குவார், ஆனா கைவிடமாட்டார்னு அம்மா சாகுறவரைக்கும் சொல்லுவாங்க. அப்பாவை அங்க அநாதையா விட்டுட்டோம். நாளைக்குக் கல்லறை அப்படிக் கிடக்கிறதைப் பார்த்துட்டா, எனக்கும் கடவுளுக்கும் இனி ஒண்ணுமில்லை, ஸ்டெல்லா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதே ஊரில் இருந்துகொண்டு நானாவது ஒருமுறை எட்டிப் பார்த்தேனா? நாங்கள் கத்தோலிக்கர். கல்லறைத் திருநாளுக்குச் சமாதியைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. மறுநாள் அவள் எட்டு மணிக்கு அங்கே வருவதற்குள் சுத்தம் செய்துவிட முடிவு செய்தேன்.

காலை 6.40க்கு ஆட்டோ, இருபது ரூபாய். "இன்னாமா, பக்கெட்டு தொடப்பத்தோட சவாரி? ஊட்டைக் காலி பண்ணிக்கினு போறியா?" என்றார் ஓட்டுநர்.

காவலாளி மணி டீ குடிக்கப் போயிருந்தார். அவர் மனைவி கதவைத் திறந்துவிட்டார். பெயரைத் தேடிக் கண்டுபிடித்தேன். தலைமாட்டில் ஒரு குவியல் கல். எந்தப் பயல் எறிந்தானோ என்று திட்டிக்கொண்டே அள்ளி, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கொட்டினேன். பலகையைத் தேய்த்துக் கழுவி ரோஜா வைத்தேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

லேயா எட்டேகாலுக்கு வந்தாள். பூவைப் பார்க்கவே இல்லை.

"ஒரு கல்லுகூட இல்லையே" என்றாள். "நாங்க பூ வைக்கமாட்டோம். வந்துபோனவங்க ஒரு கல்லு வச்சுட்டுப் போவோம். யாருமே வரலை, பாத்தியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு அலறல். மணி.

"யாரு பண்ண வேலை இது? கல்லுங்கோ எங்க?"

"எந்தக் கல்லு?" என்றாள் லேயா.

"வெளிநாடு போறதுக்கு முன்னாடி இவரு சம்சாரம் என்னாண்ட வந்தாங்கோ. வருசத்துக்கு ஒண்ணு வை நைனான்னு சொன்னாங்கோ. நான் வச்சிக்கினு வர்றேன். இருபத்தி நாலு கீது. இருந்துச்சு!"

அம்மா இதை மகளிடம் சொன்னதே இல்லை. லேயா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையை அழுதுகொண்டே சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு ஓடினேன். மூன்று பேரும் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவினோம். வாழையிலை, முட்டை ஓடு, சாம்பல். பத்தொன்பது கல் கிடைத்தது. மாநகராட்சி லாரி வந்து ஹாரன் அடித்தது. மணி அதன் முன்னால் போய்க் குறுக்கே நின்றார்.

"அஞ்சு நிமிசம் இருப்பா! சாமி சமாச்சாரம்!"

இருபத்து நான்கும் கிடைத்தன. கழுவித் தலைமாட்டில் வைத்தோம். லேயா தன் பங்குக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு ஒரு வருடத்துக்குப் பிறகு வாய்விட்டு ஜெபித்தாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை.

போகிறவர்களுக்கு: காலையில் போங்கள், வெயில் ஏறினால் நிழல் கிடையாது. கதவு பூட்டியிருந்தால் காவலாளி வரும்வரை காத்திருங்கள். மணி இப்போது இல்லை. வருடக் கல்லை நான்தான் வைக்கிறேன். முக்கியமாக, துடைப்பம் எடுத்துப் போகாதீர்கள். கைவிடவில்லை என்று அவளுக்காக இருபத்து நான்கு வருடம் காத்திருந்த பதிலைத்தான் அன்று காலை நான் குப்பையில் கொட்டினேன்.