மாமா உட்கார்ந்த மெத்தை

வாங்கிய பொருளின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற எனக்கு மனசே வராது. அமெரிக்காவில், பிளானோவில் எங்கள் வீட்டு லாம்ப் ஷேட் மூன்று வருஷம் உறைக்குள்ளேயே எரிந்தது. ஒரு நாள் உருகி நாற்றமடித்த பிறகுதான் கழற்றினேன். அதையாவது சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். உறையே இல்லாத ஒன்றுக்கு நானே கஜக்கணக்கில் பிளாஸ்டிக் வாங்கிப் போட்டேன் பாருங்கள், அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் ஒரு பழைய மோட்டார் ஹோம் வாங்கினேன். அடுப்பு, படுக்கை, சாப்பாட்டு மேஜை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. மேஜைக்கு இரண்டு பக்கமும் பெஞ்ச் மாதிரி சீட். முன்னால் வைத்திருந்தவர் நாய் வளர்த்தார் என்பதை மெத்தையே சொன்னது. மாமனார் அப்போது ஆறு மாத விசாவில் வந்திருந்தார். அவரைக் கால்வெஸ்டன் கடலுக்கு அழைத்துப்போக வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை.

மாமா ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். அத்தை போன பிறகு திருச்சியில் ஒரு மாடி போர்ஷனில் தனியாக இருந்தார். இரண்டு வேளையும் படியிறங்கி மெஸ்ஸுக்கு நடப்பார். "தம்பி வீட்டோட போயிடுங்களேன்ப்பா" என்று மகள் கேட்டால், "கால் நல்லாத்தானேம்மா இருக்கு" என்று பேச்சை முடித்துவிடுவார்.

சீட் தைக்கும் கடையில் கேட்ட கூலிக்கு இன்னொரு அரை வண்டி வாங்கலாம். நானே இறங்கினேன். பழைய உறைகளைப் பிரித்து, அவற்றையே அளவாக வைத்துத் துணி வெட்டினேன். துணிக்கடையின் மிச்சத் துண்டுத் தொட்டியில் பொறுக்கிய கர்ட்டன் துணி. காவி நிறம், ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அளவு. ஸ்பாஞ்சுக்கு, ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்திறங்கிய பெட்டிகளின் பேக்கிங் ஃபோம். ஃப்ரீ. பக்கத்து வீட்டில் வான்கோழி அறுக்கும் கரண்ட் கத்தியை இரவல் வாங்கி, ஃபோமை அறுத்தேன். கத்தி வீட்டுக்குள் வரக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டதால் எல்லாம் கராஜில்தான். மாமா துணியை இழுத்துப் பிடிக்க, நான் சீட் பலகையின் அடியில் கன் வைத்து ஸ்டேப்பிள் அடித்தேன். அவர் இழுத்த பக்கம் சுருக்கமே இல்லை.

மெத்தை நன்றாக வந்துவிட்டது. அதுதான் வினை. இவ்வளவு நன்றாக வந்ததில் கறை படக்கூடாது என்று, மேலே கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்து அடித்தேன்.

மனைவி கையால் தடவிப் பார்த்தாள். "என்னங்க இப்படி வழுக்குது? அப்பா வேட்டியோட உக்காருவார். நிக்கவே நிக்காது."

"போயிட்டு வந்து கழட்டிடறேன். மொத ட்ரிப்லயே காபி கொட்டிட்டா?"

"விடும்மா," என்றார் மாமா. "முப்பது வருஷம் குட்ஸ் வண்டியில, கடைசிப் பெட்டியில ஆடிக்கிட்டே நின்னவன். இதுலயா விழப்போறேன்?"

பாதி வழியில், பெட்ரோல் போட ஃப்ரீவேயிலிருந்து இறங்கினேன். சிக்னல் சிவப்பானது. பிரேக் போட்டேன். அவசர பிரேக் கூட இல்லை. பின்னால் 'சர்ர்' என்று ஒரு சத்தம். வேட்டி பிளாஸ்டிக்கில் வழுக்கி, மாமா நடுவில் இருந்த கதவுப் படியில் இடுப்பு மோத விழுந்திருந்தார்.

"அப்பா!" என்று அலறினாள் இவள்.

"மாப்பிள்ளை, ஓரமா நிறுத்துங்க," என்றார் மாமா. அவ்வளவுதான் சொன்னார். முகம் வெளுத்திருந்தது.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் ஆனது. பார்க்க வந்த நண்பர்களிடம் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே கதை சொல்வேன். "ஓடற ரயில்ல விழாத மனுஷனை ஒரு ஸ்டேப்பிள் கன்னை வெச்சே சாய்ச்சுட்டேன்!" எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸுக்கு இங்கிலீஷில் சொன்னேன், அவளும் சிரித்தாள். பாட்லக் விருந்துகளில் கதை இன்னும் மெருகேறியது. 'சர்ர்' சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினேன். மாமாவும் மெல்லச் சிரிப்பார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்று மாதம் வாக்கரைப் பிடித்து நடந்தும் இடது கால் ஊன்ற வரவில்லை. இனிமேல் மாடிப்படி முடியாது என்று டாக்டர் சொன்னார். மாமா தன் மகனுக்குப் போன் போட்டார். "போர்ஷனக் காலி பண்ணிடுப்பா. உன் வீட்டுல கீழ ஒரு கட்டில் போட்டு வை." இவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஏர்போர்ட்டில் வீல்சேரை கேட் வரைக்கும் நான்தான் தள்ளினேன். "மாமா, இதுல போனா க்யூவே கிடையாது. மந்திரி மாதிரி மொதல்ல ஏத்திடுவாங்க," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நான் விழுந்த கதைய ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம சிரிக்கச் சிரிக்கச் சொல்லிட்டீங்க. எங்கிட்ட மட்டும் இன்னும் ஒண்ணுமே சொல்லல."